எதிர் யன்னல் தலையாட்டி

எங்கள் விடுதிக்கு எதிர் வீட்டில் இருந்த ஜெர்மன் அம்மையார் ஒரு தலையாட்டி என்று நான் நம்பினேன்.

தலையாட்டி என்றால் என்னவென்று தெரியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ராணுவம் ஒரு ஊரைச் சுற்றிவளைத்தால் ஆண்களை வரிசையாக நடக்கவிடும். வரிசையின் முடிவில் ஒரு ஜீப். ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடிய ஒருவன். சாக்கில் கண்ணுக்கு மட்டும் ஓட்டை. அவன் சும்மா இருந்தால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் லொறியில் ஏற வேண்டும். அந்த வரிசையில் நானும் நடந்திருக்கிறேன். அவன் தலை அசையவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னை எவராவது கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால், நான் முதலில் பார்ப்பது அவருடைய கழுத்தைத்தான்.

எசன் நகரத்தில் அந்தக் கழுத்து, எங்கள் பின்முற்றத்துத் தெருவுக்கு அப்பால், எதிர் வீட்டு மேல்மாடி யன்னலில் இருந்தது.

நாங்கள் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்டில் விமானத்தால் இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் ரயிலில் நுழைந்து, அங்கிருந்து பங்குபோட்டு அனுப்பப்பட்டவர்கள். என் பங்குக்கு எசன் விழுந்தது. நிலக்கரிப் புகை படிந்த பழைய கட்டிடம் ஒன்றை அகதிகள் விடுதி ஆக்கியிருந்தார்கள். ஹைம் என்று சொல்வோம். அறையில் மூன்று பேர். மூத்தவர் ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். அவரை அண்ணை என்போம். மற்றவன் என் வயதுக்காரன். முழங்காலுக்குக் கீழே கட்டிலுக்கு வெளியில் நீட்டிக்கொண்டு படுப்பான். அவனை நெட்டை என்போம். கோபிக்கமாட்டான், குனிந்து பதில் சொல்வான்.

எங்களுக்கு இரண்டு கட்டுப்பாடுகள். அசூல் என்ற அகதி வழக்கு முடியும்வரை வேலை செய்யக்கூடாது. நகர எல்லையைத் தாண்டக்கூடாது. முதலாவதை நான் ஞாயிறு தவிர எல்லா நாளும் மீறிக்கொண்டிருந்தேன். ஒரு உணவகத்தின் நிலவறையில் வெங்காயம் உரித்தேன். நாள்முழுக்க அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்காத வேலை. பிடிபட்டால் வழக்கு அதோடு சரி, விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று ஹைமில் பேசிக்கொண்டார்கள். அது எவ்வளவு உண்மை என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால்தான் எல்லோரும் நம்பினோம். எனக்கோ விசாரணைக்கு டெர்மின், அதாவது நாள் குறித்த கடிதம், வந்திருந்தது. அந்த மாதத்துக் கடைசி வியாழக்கிழமை.

ஆகவே நான் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். பையோடு போகிறவனைப் பார்த்தால் வேலைக்குப் போகிறான் என்று நினைப்பார்கள். பானையோடு போகிறவனைப் பார்த்தால்? பசிக்குப் போகிறான் என்று நினைப்பார்கள். ஹைம் குசினியில் கிடந்த பெரிய அலுமினியப் பானையைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் பின்முற்றத்தால் இறங்குவேன். யாராவது கேட்டால், அடுத்த ஹைமில் சிநேகிதன் வருத்தமாகப் படுத்திருக்கிறான், சோறு கொண்டுபோகிறேன் என்பது பாடம். பின்வாசல் படலைக்கு முதுகைக் காட்டி, காதைத் தெருவில் வைத்து அசையாமல் நிற்பேன். தெரு வெறிச்சோடியதும் கிளம்புவேன். இடமும் வலமும் பார்ப்பேன். மேலே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மேலே பார்த்தவன் நெட்டைதான்.

"மச்சான், எதிர்வீட்டு மனிசி உன்னைக் குறிபாக்கிறா."

"என்னது?"

"ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, பென்சிலாலை. துவக்கு பிடிக்கிற மாதிரி."

அடுத்த நாள் பானையைத் துடைப்பதுபோலப் பாசாங்கு செய்துகொண்டு பார்த்தேன். உண்மை. ஐம்பது வயது மதிக்கத்தக்க பருமனான அம்மையார். வாயில் சிகரெட். ஒரு கண் மூடி, கை நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, பெருவிரலை அதன்மேல் ஏற்றி இறக்கினார். பிறகு குனிந்தார். நிமிர்ந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். வேறு எவனாவது பார்த்திருந்தால் மனிசி ஏதோ வரைகிறா என்று போயிருப்பான். நான் பார்த்தது ஒரு தலை மேலும் கீழும் ஆடுவதை.

அன்றைக்கு வெங்காயம் இல்லாமலே கண் கலங்கியது.

அண்ணை தன் பங்குக்கு இன்னொன்றைக் கவனித்திருந்தார். அந்த யன்னலில் ஒரு அயன்பெட்டி நூலில் தொங்கியது. சட்டை அயன் பண்ணும் அதே பெட்டி, தலைகீழாக, காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

"தம்பி, ஒரு அயன்பெட்டியை ஏன் தூக்கிலை போடவேணும்?" என்றார்.

"காயப் போட்டிருக்கிறாவோ?"

"விசர்க்கதை கதையாதை. உது அன்ரெனா. உங்கை இருந்து செய்தி போகுது."

தபால் கந்தோர்க்காரர் செய்தி போகிறது என்றால் மறுத்துப் பேச எனக்கு என்ன தகுதி?

இவ்வளவும் சந்தேகம்தான். சாட்சியம் குப்பையில் வந்தது. ஜெர்மனியில் வேண்டாத பெரிய சாமான்களை வீட்டுக்கு முன் தெருவில் வைக்க ஒரு நாள் உண்டு. கதிரை, கட்டில், தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் வரும். அந்தக் காலத்தில் எங்கள் ஹைமில் இருந்த தளபாடத்தில் பாதி அப்படி நடந்து வந்ததுதான். அம்மையார் வீட்டு வாசலில் நல்ல தடித்த காகித மட்டைகள் அடுக்கியிருந்தன. எங்கள் யன்னல் இடுக்கால் குளிர் வரும். அடைக்கலாம் என்று அண்ணை பெரிய மட்டை ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். யன்னலில் வைத்து அளவு பார்க்கத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே கட்டிலில் இருந்துவிட்டார்.

மட்டையின் மறுபக்கத்தில் எங்கள் பின்முற்றம் இருந்தது. பென்சிலாலும் கறுப்பு மையாலும் வரைந்தது. கம்பி உடைந்த அதே படலை. அதே புகைபோக்கி. படலையடியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சின்ன மனிதன். கையில் பானை.

முற்றத்துக்கு மேலே, ஆகாயத்தில், கறுப்பாகப் பெரிதாக ஒன்று நின்றது. அதன் அடியிலிருந்து ஒரு வெளிச்சம் சாய்வாக இறங்கி அந்த மனிதனின் தலையில் விழுந்தது.

"ஹெலி," என்றான் நெட்டை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எவனிடம் காட்டினாலும் அதைத்தான் சொல்லியிருப்பான். ஆகாயத்தில் ஒன்று அசையாமல் நின்றால் எங்களுக்கு அது ஹெலிகொப்டர்தான். அதற்கடுத்ததாக நாங்கள் செய்வது கட்டிலுக்குக் கீழே போவது. நான் பாதி போய்விட்டேன்.

"எழும்படா. உது படம்," என்றார் அண்ணை. ஆனால் அவரும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

மட்டையை மேசையில் வைத்து மூவரும் சுற்றி நின்றோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒரு ஓவியத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. படத்தில் மெல்லிய பென்சில் கோடுகள் ஓடின. மதில் விளிம்பிலிருந்து ஒன்று, கூரையிலிருந்து ஒன்று, முற்றத்துக் கற்களின் வரிசையிலிருந்து இரண்டு. எல்லாம் நீண்டு நீண்டு போய் ஒரே இடத்தில் முட்டின. அந்த மனிதனின் தலையில்.

"கண்ணை மூடு," என்றார் அண்ணை நெட்டையிடம். "இப்ப திற. முதல்லை எதைப் பாத்தனி?"

"இவனை."

"இந்த மூலையிலை இருந்து தொடங்கிப் பார்."

"மதில்... மதிலாலை வந்து... இவன்."

"கூரையிலை இருந்து?"

"வெளிச்சத்தாலை சறுக்கி வந்து திரும்பவும் இவன்தான் அண்ணை."

அண்ணை படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். அப்போதும் நான்தான். பக்கவாட்டில் வைத்தார். நானேதான். "எங்காலை போனாலும் உன்னட்டைத்தான் கொண்டுவந்து விடுறா. உதைப் பாக்கிற பொலிஸ்காரன் மற்றவையைத் தேடமாட்டான், நேரே உன்னைத்தான் பிடிப்பான்," என்றார். பயத்தில் சொன்னது என்றாலும் அந்தப் படத்தைப் பற்றி அதைவிடச் சரியான விமர்சனம் எவராலும் எழுதியிருக்க முடியாது.

"ஏன் முதுகை மட்டும் கீறியிருக்கிறா?" என்று கேட்டேன்.

"பின்னாலை வாறவைக்கு முதுகுதானே தெரியும்."

"மேலை ஏன் ஒண்டுமில்லை?" மட்டையின் உச்சியில், ஹெலிக்கும் மேலே, ஒரு பட்டை முழுக்க வெறுமையாக விட்டிருந்தது. கோடு போட்டுப் பிரித்து, வேண்டுமென்றே காலியாக வைத்த இடம்.

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கந்தோரில் வாழ்ந்தவருக்கு வெறும் இடம் என்றால் ஒரே அர்த்தம். "அது உன்ரை பேர், ஊர், செய்த குற்றம் எழுதிறதுக்கு விட்டிருக்கு."

அன்றிலிருந்து நான் செய்த கூத்துகளை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நெட்டையின் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். அது கணுக்கால்வரை வந்தது. இரண்டாம் நாள் நொண்டினேன். மூன்றாம் நாள் எந்தக் காலால் நொண்டினேன் என்பதை மறந்துவிட்டதால் இரண்டு காலாலும் நொண்டினேன். பிறகு பானையைக் கைவிட்டு முன்வாசலால் போனேன். மட்டையையும் யன்னலில் வைக்க மனமில்லாமல், படம் சுவரைப் பார்க்கும்படி அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தேன். எதிர் யன்னலில் கழுத்து நீண்டது. பென்சில் நின்றது. அம்மையார் முற்றத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தேடினார். தேடப்படுகிறேன் என்ற சொல்லுக்கு அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

திங்கட்கிழமை அவர் தெருவைக் கடந்து வந்தே விட்டார். நான் குசினியில் நின்றேன். ஓடிப்போய்க் குளியலறைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வாசலில் நெட்டை அகப்பட்டான். உரத்த ஜெர்மன் குரல் ஒன்று கேட்டது, பிறகு கதவு சாத்தும் சத்தம்.

"என்னவாம்?" என்றேன் திரைக்குள்ளிருந்து.

"உன்னைத்தான் கேக்கிறா. பானைக்காரன் எங்கையாம். வியாழனுக்கு முதல் வேணுமாம்."

"வியாழன் எண்டோ சொன்னவ?"

"ஓம் மச்சான். வியாழன், வியாழன் எண்டு ரெண்டு தரம் சொன்னவ."

என் டெர்மினும் அதே வியாழக்கிழமை. எனக்கு வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பீலெஃபெல்டில் தூரத்துச் சொந்தம் ஒருவர் இருந்தார். அங்கே போய் ஒளிந்துகொள்வது என்று முடிவு செய்தேன். எல்லையைத் தாண்டக்கூடாது, டெர்மினைத் தவறவிட்டால் வழக்கே போய்விடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அண்ணையும் கதவை மறித்துக்கொண்டு அதைத்தான் சொன்னார்.

"நீ வெங்காயம் உரிச்சது அவங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, அது பிறகு. போகாமல் விட்டால் நீயே உன்ரை கையாலை வழக்கை மூடுறாய்."

"அங்கை பிடிச்சால்?"

"பிடிக்கட்டும். வாயைத் திறந்து ஊரிலை நடந்ததைச் சொல்லு. அதுக்குத்தானே கூப்பிடுறாங்கள்."

"ஏலாது அண்ணை. நான் போறன்."

செவ்வாய்க்கிழமை பின்னேரம், ஒரு பையோடு எசன் ரயில் நிலையத்தில் நின்றேன். ரயில் வர நேரம் இருந்தது. மேடையில் இரண்டு பொலிஸ்காரர்கள் ஒரு நாயோடு உலாவினார்கள். நாய் என்னைப் பார்த்தது. நான் நாயின் கழுத்தைப் பார்த்தேன். மெதுவாக நகர்ந்து பத்திரிகைக் கடையின் சுழலும் தட்டுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன்.

அந்தத் தட்டில் கிழமைக்கு ஒன்றாக வரும் மெல்லிய நாவல்கள் இருந்தன. வைத்தியரும் தாதியும் காதலிப்பவை, குதிரையில் சுடுபவை, விண்வெளிக்குப் போகிறவை. விண்வெளிப் புத்தகம் ஒன்றை முகத்தை மறைக்கத்தான் எடுத்தேன். அட்டையைப் பார்த்தேன்.

கம்பி உடைந்த படலை. எங்கள் படலை.

புகைபோக்கி ஒரு கோபுரமாக மாறியிருந்தது. முற்றத்துக் கற்கள் நீலமாக மின்னின. ஆகாயத்தில் இரண்டு நிலவுகள். அவற்றை மறைத்துக்கொண்டு ஒரு விண்கலம். அதன் பாதி படத்துக்குள் இருக்கவில்லை, மேல் விளிம்பு அதை வெட்டியிருந்தது. அதனால்தான் மீதி எவ்வளவு பெரிதாக இருக்குமோ என்று நெஞ்சு திக்கென்றது. கீழே, இடது மூலைக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சின்ன மனிதன். விண்வெளி உடுப்புப் போட்டிருந்தான். இரண்டு கையிலும் இரண்டு பை. ஒரு தோள் தாழ்ந்து, ஒரு தோள் உயர்ந்து இருந்தது.

உலகத்தில் அப்படி நடப்பவர் ஒருவர்தான். சனிக்கிழமை உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு வரும் எங்கள் அண்ணை.

பானைக்காரன் நான் மட்டையிலேயே நிற்கிறேன், அதற்குள் அண்ணை கிரகமே மாறிப் போயிருந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

படத்தின் மேற்பகுதியில், காலியாக இருந்திருக்க வேண்டிய இடத்தில், பெரிய மஞ்சள் எழுத்தில் நாவலின் பெயர் இருந்தது. பேர், ஊர், குற்றம் எதுவுமில்லை. தலைப்பு. நான் கண்ணை மூடித் திறந்தேன். முதலில் அண்ணை. அவரிடமிருந்து வெளிச்சத்தால் ஏறி விண்கலம். விண்கலத்தில் ஒரு கதவு கொஞ்சம் திறந்திருந்தது. கதவுக்குள் இருட்டு. இருட்டிலிருந்து கண் திரும்பவும் அண்ணையின் முதுகுக்கு ஓடியது. அவர் இன்னும் அந்தக் கதவைப் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன். 'அண்ணை, மேலை பாருங்கோ' என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஜெர்மனில் ஒரு வரி வாசிக்கத் தெரியாத எனக்கு, முழுக் கதையும் தெரிந்துவிட்டது. முதுகைக் காட்டி நிற்பவருக்குப் பின்னால் நிற்பது பொலிஸ் இல்லை, புத்தகம் வாங்க வந்தவன்.

ரயில் வந்தது. நின்றது. போனது.

எல்லாம் விளங்கிவிட்டது என்று எழுதினால் பொய். புத்தகத்துக்குக் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கும்போது எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. இந்தப் புத்தகமே ஒரு மூடி மறைப்பாக இருந்தால்? பகலில் விண்கலம், மற்ற நேரத்தில் பொலிஸ்? அந்தச் சந்தேகத்தைக் கையில் பிடித்துக்கொண்டே போய் அம்மையாரின் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவர் என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். வணக்கம் இல்லை.

"பானை எங்கே?" என்றார்.

என்னிடம் இருந்த கொஞ்ச ஜெர்மனும் அந்த நேரம் பார்த்து விடுமுறையில் போய்விட்டது. புத்தகத்தை நீட்டினேன். அவர் சிரித்து, உள்ளே வரச் சொன்னார். நான் வாசலுக்குக் கிட்டவே நின்றேன். ஓடுவதென்றால் வசதி.

மேசையில் எங்கள் முற்றம் இருந்தது. குப்பைக்குப் போனது முதல் முயற்சியாம், இது மறுபடி வரைந்து வர்ணம் தீட்டியது. யன்னலில் அயன்பெட்டி தொங்கியது. படத்தில் முற்றத்துக்கு மேல் நின்ற விண்கலத்தைப் பார்த்தேன். அயன்பெட்டியைப் பார்த்தேன். அதே கூர்மூக்கு, அதே வளைவு. நாங்கள் மூவரும் நடுங்கிய ஹெலி அது. என் மனிதன் இன்னும் பாதியில் நின்றான். கால் இருந்தது, முதுகு இருந்தது, பானை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. வியாழன் காலை படத்தை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டுமாம். அதுதான் அந்த வியாழன்.

"நான் ஏன் சின்னது?" என்று சொற்களைப் பொறுக்கிக் கேட்டேன். "ஏன் இவ்வளவு சின்னது?"

அவர் தன் பெருவிரலால் படத்தில் என்னை மறைத்தார். உடனே விண்கலம் அயன்பெட்டியாகிவிட்டது. ஒரு முற்றத்துக்கு மேலே ஒரு அயன்பெட்டி, அவ்வளவுதான். விரலை எடுத்தார். அரிசி அளவில் நான் வந்தேன். அயன்பெட்டி ஒரு நகரத்தின் அளவுக்கு ஊதியது. திரும்ப மறைத்தார், திரும்ப எடுத்தார். இந்த விளையாட்டில் அவருக்கு என்னைவிடச் சந்தோஷம்.

"ஏன் பானை?" என்றேன்.

"முற்றம் எல்லாம் கறுப்பு. பானை மின்னும். கண் முதலில் அங்கேதான் போகும்."

ஒருவர் கண்ணிலும் படாமல் இருப்பதற்காகத்தான் நான் அந்தப் பானையைத் தூக்கினேன்.

கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்டேன். "பொலிஸ்?"

அவர் சிகரெட்டை அணைத்தார். பிறகு, எனக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாக, கையாலும் காட்டிச் சொன்னார். பானை நிறைந்திருந்தால் மனிதன் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பான். நீங்கள் வீசிக்கொண்டு போகிறீர்கள். போகும்போதும் வெறும் பானை, வரும்போதும் வெறும் பானை. ஒவ்வொரு நாளும், ஞாயிறு தவிர.

நான் அவர் கழுத்தைப் பார்த்தேன். அது ஆடவில்லை. தூரிகையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே, "போய் நில்லுங்கள், வெளிச்சம் போகிறது," என்றார்.

ஹைமுக்கு ஓடினேன். அண்ணையும் நெட்டையும் கேள்வி கேட்கக் கேட்க, குசினியில் பானையைத் தூக்கினேன்.

"எங்கையடா போறாய்?"

"படலையடிக்கு. நிக்கச் சொன்னவ."

"சரணடையப் போறியோ?" என்றான் நெட்டை.

"அண்ணை, நீங்கள் போன மாதமே சரணடைஞ்சிட்டியள்," என்று புத்தகத்தைக் கட்டிலில் எறிந்துவிட்டு இறங்கினேன்.

முதுகைக் காட்டிக்கொண்டு படலையடியில் நின்றேன். பின்னால் இருந்து ஒருவர் உற்றுப் பார்க்கிறார் என்று தெரிந்தும் திரும்பாமல் நிற்பது எனக்கு அதுவே முதல் தடவை. பிடரி கூசியது. இரண்டு தரம் திரும்பினேன். இரண்டு தரமும் மேலிருந்து ஜெர்மனில் ஏச்சு விழுந்தது.

நான் நின்ற அந்தப் படம் போட்ட புத்தகம் சில கிழமைகளில் வந்தது. அட்டையில் என் முகம் இல்லை. பானையை ஏதோ காற்றுக் குடுவை ஆக்கியிருந்தார். நான் வெங்காயம் உரித்ததை அவர் எவருக்கும் சொல்லவில்லை. வியாழக்கிழமை நான் டெர்மினுக்குப் போனேன். ஊரில் நடந்ததைக் கேட்டார்கள், சொன்னேன். படத்தைப் பற்றியோ பானையைப் பற்றியோ ஒருவரும் கேட்கவில்லை.